தரையில் கிடப்பவளுக்கும் ஒரு பிடி உண்டு

பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற தலைப்பில் நமக்கு அடிக்கடி கருத்தரங்குகள் நடக்கின்றன. தனியாகப் போகாதீர்கள், இருட்டுமுன் வீடு திரும்புங்கள், பஸ்ஸில் பெண்கள் இருக்கும் பக்கம் நில்லுங்கள், அறிமுகமில்லாதவர்களோடு பேச்சுக் கொடுக்காதீர்கள் என்பார்கள். இவற்றில் ஒன்றும் பிழையில்லை. வீட்டில் உம்மா சொல்வதும் இதைத்தான். ஆனால் இந்த அறிவுரைகள் எல்லாம் ஒரு பெண் விழுத்தப்படுவதற்கு முந்திய நேரத்தைப் பற்றியவை. விழுத்தப்பட்ட பிறகு என்ன செய்வது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் மண்டபமே அமைதியாகிவிடும். அந்தக் கேள்வி கேட்கவே கூடாத கேள்வி போலவும், விழுந்தவளுக்கு அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை போலவும் நாம் நடந்துகொள்கிறோம்.

அதற்குப் பிறகும் ஒன்று உண்டு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிரேசிலிய ஜுஜிட்சு என்று ஒரு கலை இருக்கிறது. அதன் உயிர்நாடி, தரையில் மல்லாந்து கிடப்பவர் தன்மேல் இருப்பவரின் சமநிலையைக் கீழிருந்தே குலைப்பது. அதை நமது கல்லூரி மண்டபத்தில் வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து.

இது கொழும்பு வசதிக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாம் இருக்கும் இடத்தை ஒருமுறை பார்ப்போம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பிரதான வீதியை விட்டு இறங்கினால் இறப்பர் மலையும் தேயிலை மலையும்தான். பஸ் தரிப்பிடத்திலிருந்து லயத்துக்குப் போக இரண்டு, மூன்று கிலோமீற்றர் நடக்க வேண்டிய பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். இறப்பர் மரங்களுக்கிடையில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. என்னோடு உயர்தரம் படிக்கும் தோட்டத்துத் தோழி ஒருத்தி இரசாயனவியலில் என்னைவிடக் கெட்டிக்காரி. சென்ற தவணையில் மாலை மேலதிக வகுப்பை விட்டுவிட்டாள். அவளுடைய அப்பாவுக்கு வேலை முடிந்து வந்து கூட்டிப்போக நேரம் சரிவரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெற்றோர் எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் பாதையில் யாரோ ஒருவன் நிற்கக்கூடும் என்பதற்காக வகுப்பை இழந்தவள் அவள். நிற்கக்கூடியவன் எதையும் இழக்கவில்லை.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், இந்நாட்டின் பஸ்களிலும் புகையிரதங்களிலும் பயணம் செய்யும் பெண்களில் 90 சதவீதமானோர் தொந்தரவுக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டார்கள். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெட்கம் இருக்கிறது, பயம் இருக்கிறது. அவற்றோடு, உடம்பு கல்லாகி நின்றுவிடுவதும் இருக்கிறது. குரல் எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமல் போவது. அறிவுரை கேட்டு அது மாறுவதில்லை. உடம்புக்குத்தான் பழக்க வேண்டும்.

இனி இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1882 இல் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர் ஒரு பௌத்த விகாரையில் 12 பாய்கள் விரித்த இடத்தில் தன் பள்ளியைத் தொடங்கினார். கானோ உயரமோ பருமனோ இல்லாதவர். பழைய ஜுஜுட்சு ஆசிரியர்களிடம் கற்றதையெல்லாம் அலசிப் பார்த்து ஜூடோவை உருவாக்கினார். எந்த எறிதலுக்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எதிரியின் சமநிலையை முதலில் உடைக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய பாடம். அதற்குக் ‘குசுஷி’ என்று பெயர். சமநிலை உடையாத ஒருவனைத் தூக்கி எறிய யானைப் பலம் வேண்டும். உடைந்தவனைச் சாய்க்க ஒரு விரல் போதும் என்பதுபோல் ஆகிவிடும்.

கானோவின் பள்ளியைச் சேர்ந்த மிற்சுயோ மயேடா 1914 இல் பிரேசிலுக்குப் போனார். பிற்காலத்தில் பெலேம் என்ற ஊரில் தங்கினார். அங்கே அவரிடமிருந்து கார்லோஸ் கிரேசி கற்றார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். பலத்தால் செய்ய முடியாததை நெம்புகோல் முறையால் செய்யப் பழகி, தரையில் மல்லாந்து போராடும் முறையை வளர்த்தார் என்பார்கள். எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்பதுபோல் சிலர் சொல்லும் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஜூடோவில் தரைப்பிடிகள் முன்பே இருந்தன. ஆனால் கீழே கிடப்பதைத் தோல்வியாக எண்ணாமல் அதையும் ஒரு நிலையாக, அங்கிருந்து வெல்லக்கூடிய நிலையாக, அவ்வளவு ஆழமாக வளர்த்தது அந்தக் குடும்பம்தான். இரு கால்களுக்கு இடையிலும் எதிரியை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் அந்த நிலைக்குக் ‘கார்ட்’ என்று பெயர். காவல் என்று பொருள். கிடப்பவர் காவலில் இருக்கிறார் என்று பெயர் வைத்தார்களே, எனக்கு அது மிகவும் பிடித்தது.

1994 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டி இதற்குப் பேர்போன சாட்சி. ஹீலியோவின் மகன் ரொய்ஸ் கிரேசி 80 கிலோ அளவில் இருந்தார். எதிரி டான் செவர்ன் நன்கு பயின்ற மல்யுத்த வீரர், 110 கிலோவுக்கு மேல். ஏறத்தாழ 16 நிமிடம் நீடித்த அந்தப் போட்டியின் பெரும்பகுதியில் கிரேசி கீழேதான் கிடந்தார். பார்த்தவர்கள் அவர் தோற்றுக்கொண்டிருப்பதாகவே நினைத்தார்கள். கடைசியில் கீழிருந்தபடியே தன் கால்களால் செவர்னின் கழுத்தையும் கையையும் முக்கோணமாகப் பூட்டி அவரைத் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்தார்.

இது எப்படி நடக்கிறது? பௌதிகவியல் படிக்கும் நமக்கு இதில் அந்நியமானது எதுவுமில்லை. நிற்கும் மனிதனின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே இறக்கும் நிலைக்குத்துக் கோடு, அவன் நிலத்தைத் தொடும் புள்ளிகளுக்கு நடுவில் விழ வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் அவன் விழுவான், அல்லது காலை எடுத்து வைத்து எல்லையைப் பெரிதாக்கிக்கொள்வான். தோட்டத்துத் தோழியின் அம்மாவுக்கு நான் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “கொழுந்துச் சாக்கோட மலையில எறங்கும்போது பாரம் எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் காலை வச்சிரணும் புள்ள. வைக்க எடம் இல்லைன்னா உருள வேண்டியதுதான்” என்றார். பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் எடுக்கும் விடயத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். குசுஷி என்பது அதன் மறுபக்கம்: எதிரியின் பாரத்தை அவன் கால் வைக்க முடியாத பக்கமாக இழுப்பது.

இப்போது ஒருவன் முழந்தாளில் நின்று கீழே கிடப்பவளின்மேல் குனிகிறான் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருப்பதால் அவனுக்கு எல்லா வசதியும் இருப்பதாகத் தெரியும். ஆனால் கீழே கிடப்பவளுக்கு இனி விழுவதற்கு இடமில்லை. சமநிலையைக் காப்பாற்ற வேண்டிய கவலை முழுவதும் மேலிருப்பவனுக்குத்தான். முழந்தாளில் நிற்பவனால் காலைச் சட்டென்று முன்னால் எடுத்து வைக்கவும் முடியாது. அவன் முன்னால் சரிந்தால் தாங்குவதற்கு இரண்டு கைகள்தான் இருக்கின்றன. ஆகவே கீழே இருப்பவள் தன் கால்களால் அவனுடைய இடுப்பைத் தன் பக்கம் இழுத்தால், அல்லது கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தால், அவன் கைகள் தாமாகவே தரைக்கு வரும். தரையில் ஊன்றிய கையால் அடிக்கவும் முடியாது, கழுத்தை நெரிக்கவும் முடியாது. சமநிலையைக் குலைப்பது கவிழ்ப்பதற்கு மட்டும் என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். அதற்கு முன்பே அது எதிரியின் கைகளுக்கு வேறு வேலை கொடுத்துவிடுகிறது.

கவிழ்ப்பது அடுத்த கட்டம். இரண்டு முழந்தாள்கள், இரண்டு கைகள் என நான்கு தூண்களில் நிற்பவனைச் சாய்ப்பது கஷ்டம். அதில் ஒரு கையின் சட்டைக் கையைப் பிடித்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டால் தூண் மூன்றாகிவிடும். நமது முச்சக்கர வண்டிகள் வளைவில் எந்தப் பக்கம் புரளும்? சக்கரம் இல்லாத முன்மூலைப் பக்கமாகத்தான். அதேபோல், ஊன்றுவதற்குக் கை இல்லாத மூலையை நோக்கி அவனைச் சாய்க்க வேண்டும். கத்தரிக்கோல் போல் ஒரு காலால் மேலே தள்ளி, மறுகாலால் அவன் முழந்தாளைத் தரையோடு வாரிவிடுவது ஒரு வழி. அவன் அதை உணர்ந்து பின்னால் சாய்ந்தால் இன்னும் நல்லது. அவன் போகும் பக்கமே எழுந்து உட்கார்ந்து இடுப்பால் மோதினால் அவன் பின்னோக்கி விழுவான். முன்னால் இழுத்தால் பின்னால் இழுப்பான், பின்னால் தள்ளினால் முன்னால் தள்ளுவான், இது மனித சுபாவம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நொடியில் அவனுக்கு எந்தப் பக்கம் தூண் இல்லை?

ஆக மோசமான நிலையையும் சொல்லிவிடுகிறேன். எதிரி வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால்? பழகாதவர்கள் எல்லோரும் இரு கைகளையும் நீட்டி அவன் மார்பைத் தள்ளுவார்கள். அரை நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். 70 கிலோவைக் கையால் தூக்கிப் பிடிக்க முயல்கிறோம் அல்லவா? தூக்கவே தேவையில்லை. அவனுடைய ஒரு கையை இரு கைகளாலும் மார்போடு இறுக்கிக்கொண்டு, அதே பக்கத்திலுள்ள அவன் பாதத்தைத் தன் பாதத்தால் வெளியிலிருந்து அடைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தில் ஊன்றுவதற்கு அவனிடம் இப்போது ஒன்றுமில்லை. பிறகு குதிகால்களை ஊன்றி இடுப்பைப் பாலம்போல் உயர்த்தி அந்தப் பக்கத் தோளின் மேலாகப் புரண்டால் அவனும் சேர்ந்து புரள்வான். பெண்ணுடைய கை பலவீனமாக இருக்கலாம். ஆனால் இடுப்பும் தொடையும் கையைவிடப் பல மடங்கு பலமானவை. தோட்டத்தில் ஏறி இறங்கும் பெண்களுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்!

இதையெல்லாம் படித்து மட்டும் எழுதவில்லை. என் சாச்சியின் மகள் அபுதாபியில் வளர்ந்தவள். அங்கே பெண்களுக்கென்று நடக்கும் வகுப்பில் இதைக் கற்றவள். சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது, வீட்டின் பின்னறையில் தும்பு மெத்தைகளைப் போட்டு எனக்கும் ராத்தாவுக்கும் சொல்லித்தந்தாள். சாச்சி கதவருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து காவல். என்னைவிட அவள் 12 கிலோ குறைவு. நான் மேலே இருந்தேன். எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே நின்றால் போதும் என்றாள். நான் நினைத்த நேரத்தில் அல்ல, அவள் நினைத்த நேரத்தில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் என்னைக் கீழே போட்டு அவள் மேலே இருந்தாள். முதல் நிமிடம் எனக்கு மூச்சே வரவில்லை, பாரத்தால் அல்ல, பதற்றத்தால். மூன்றாம் நாள் கீழே கிடந்தபடியே அவளோடு பேச முடிந்தது. நான்காம் நாள் என் கால்களுக்கு யோசனை வந்தது. இந்தப் பழக்கத்தைத்தான் கருத்தரங்கு தராது என்கிறேன்.

பெற்றோர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். முதல் தயக்கம் வெட்கம். பெண்பிள்ளை தரையில் கிடந்து புரள்வதா? என் உம்மும்மா கேட்டது இதைத்தான். மூடிய மண்டபத்தில், பெண்கள் மட்டும், பெண் பயிற்றுநரிடம், முழு உடம்பும் மூடிய உடையில் பயில்வதில் எந்த எல்லை மீறப்படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஜுஜிட்சு உடை முழுக்கையும் முழுக்காலும் உள்ள கனமான துணி. தலையை மூடுவதற்கும் வழி இருக்கிறது: சர்வதேச பிரேசிலிய ஜுஜிட்சு சம்மேளனத்தின் விதிகளில், ஊசியும் கயிறும் கடினப் பகுதியும் இல்லாத, தலையோடு ஒட்டி நிற்கும் இழுபடு துணியைப் பெண்கள் அணியலாம். ஜூடோவில் நிலைமை வேறாக இருந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் 16 வயது வுஜ்தான் ஷஹ்ர்கானி ஹிஜாபோடு போட்டியிடலாமா என்று பல நாள் இழுபறி. கடைசியில் இறுக்கமான தொப்பி போன்ற ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அவர் 82 வினாடிகளில் தோற்றார். அந்த 82 வினாடிகளைப் பற்றிக் கேலி எழுதியவர்கள், அவருடைய நாட்டின் சார்பில் அதுவரை எந்தப் பெண்ணும் ஒலிம்பிக்கில் ஒரு வினாடிகூட நின்றதில்லை என்பதை எழுதவில்லை. 2018 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு விழாவில் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைச் சேர்ந்த பார்வைக் குறைபாடுள்ள ஜூடோ வீராங்கனை மிஃப்தாஹுல் ஜன்னா, ஹிஜாபைக் கழற்ற மறுத்ததால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். உலகில் அதிக முஸ்லிம்கள் வாழும் நாட்டில், அவருடைய சொந்த மண்ணில்!

அதே ஆண்டு, அதே ஜகார்த்தாவில் ஜுஜிட்சு முதன்முறையாக ஆசிய விளையாட்டு விழாவில் சேர்க்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பாடசாலைகளில் பிள்ளைகள் இதைப் பாடவேளையிலேயே கற்கிறார்கள், பெண்பிள்ளைகள் உட்பட. 2023 இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அமீரகப் பெண்கள் ஜுஜிட்சுவில் தங்கம் வென்றார்கள். நம் வாப்பாமாரும் நானாமாரும் வேலைக்குப் போகும் நாடு அது. அங்கிருந்து தங்க நகையும் வாசனைத் திரவியமும் புதுமாதிரி ஹபாயாவும் கொண்டுவருகிறோம். இதை மட்டும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருகிறோம்.

மார்க்கத்தில் மல்யுத்தம் அந்நியமானதா என்றால் அதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ருக்கானா என்ற பலசாலியோடு மல்யுத்தம் செய்து வென்றதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலமானதல்ல என்று இமாம் திர்மிதி அவர்களே சொல்லியிருப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உஹத் களத்தில் நபியவர்களைக் காத்து நின்று காயங்கள் பட்ட நுஸைபா பின்த் கஃபு (ரழி) அவர்களைப் பற்றி நாம் ஒவ்வோர் ஆண்டும் பேச்சுப் போட்டியில் கையை உயர்த்திப் பேசுகிறோம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் நடைபாதையில் ஓடாதே, பெண்பிள்ளை மாதிரி நட என்கிறார்கள். நுஸைபா (ரழி) அவர்கள் அன்று எப்படி நடந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்த தயக்கம் இதைவிட நியாயமானது. நாலு பிடி தெரிந்தவுடன் பிள்ளைக்குப் பொய்த் தைரியம் வந்து, போகக்கூடாத இடத்துக்குப் போவாளே? ஆகவே எல்லைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எதிரி ஒருவருக்கு மேல் இருந்தால், கையில் கத்தி இருந்தால், தரை கல்லும் தாருமாக இருந்தால், அங்கே கிடந்து கலை காட்ட முடியாது. ஓடுவதுதான் கலை. எனவே முதல் பாடமே எழுந்து நிற்பது: ஒரு கையை ஊன்றி, ஒரு காலால் எதிரியைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, மறுகாலைப் பின்னால் இழுத்து எழும் முறை. கவிழ்த்த பின் மேலே இருந்து சண்டை பிடிப்பது நம் நோக்கமாக இருக்கக்கூடாது. அவன் விழுந்த இரண்டு நொடிகளில் அவள் பாதையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸில் நடக்கும் தொந்தரவுக்கு இது மருந்தே அல்ல. அங்கே குரலும், பெண்களுக்கான 1938 இலக்கமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1929 உம்தான். ஆனால் அமுக்கப்பட்டபோதும் பேசிப் பழகியவளுக்குக் குரல் சீக்கிரம் வரும் என்று நம்புகிறேன்.

தைரியம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவியரை இரு பிரிவாக்கிச் செய்த ஓர் ஆய்வு 2015 இல் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. ஒரு பிரிவுக்குக் கையேடுகள் மட்டும். மற்றப் பிரிவுக்கு 12 மணித்தியாலப் பயிற்சி: ஆபத்தை இனங்காண்பது, தயங்காமல் மறுப்பது, உடலால் தற்காப்பது என எல்லாம் கலந்தது. ஓராண்டின் பின் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களிடையே மிக மோசமான வன்முறைக்கு உள்ளானோரின் வீதம் மற்றப் பிரிவைவிட ஏறக்குறைய அரைவாசியாக இருந்தது. 12 மணித்தியாலம் என்பது நமக்கு ஒரு தவணையின் உடற்கல்விப் பாடவேளைகள். கையேடு மட்டும் பெற்ற பிரிவைப் பற்றிப் படித்தபோது நமது கருத்தரங்குகள் நினைவுக்கு வந்தன.

பரீட்சை இருக்கிறதே என்பது மூன்றாவது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வகுப்புக்கே வர முடியாத தோழியைப் பற்றி மேலே எழுதிவிட்டேன்.

கராத்தே போதாதா என்று எங்கள் ஆசிரியை ஒருவர் கேட்டார். கராத்தேயைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உடம்பை நிமிர்த்தும், குரலைத் திறக்கும். ஆனால் குத்தும் உதையும் தூரம் இருக்கும்போது பயன்படுபவை. பெண்ணைத் தாக்குபவன் பெரும்பாலும் தூரத்தில் நின்று போட்டிக்கு அழைப்பதில்லை. பிடிப்பான், இழுப்பான், பாரத்தால் அமுக்குவான். அங்கே அவனைவிடப் பலமாக அடிக்க வேண்டும் என்ற பாடம் நமக்கு உதவாது. நம்மில் அநேகர் அவனைவிடப் பலமானவர்கள் இல்லை. அவன் பாரம் அவனுக்கே சுமை ஆகும் இடத்தைத் தெரிந்துகொள்ளும் பாடம் உதவும்.

கெய்கோ ஃபுகுடா என்ற ஜப்பானியப் பெண்மணியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1913 இல் பிறந்தவர். கானோவுக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் பேத்தி. ஐந்தடிக்கும் குறைவான உயரம். 1935 இல் கானோவின் பள்ளியில் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். திருமணம் செய்தால் ஜூடோவை விட வேண்டிவரும் என்று திருமணமே வேண்டாம் என்றார். (உம்மாமார் பயப்பட வேண்டாம், இந்தப் பகுதியை நான் சிபாரிசு செய்யவில்லை.) பெண் என்பதால் ஐந்தாம் தரத்துக்கு மேல் அவரைப் பல ஆண்டுகள் உயர்த்தவில்லை. கடைசியில் 2011 இல், 98 வயதில், அமெரிக்காவில் அவருக்கு ஆக உயர்ந்த பத்தாம் தரம் வழங்கப்பட்டது. 2013 இல் காலமானார். அவருடைய முதிய வயதுப் புகைப்படங்களில் சக்கர நாற்காலியில் இருந்தபடி மாணவியருக்குப் பாடம் சொல்கிறார். கீழிருந்து பார்த்து எல்லோருடைய சமநிலையையும் திருத்துகிறார்.

என்ன செய்யலாம்? பிரேசிலிய ஜுஜிட்சு கற்ற பெண் பயிற்றுநர் இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ உடனே கிடைப்பார் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் ஜூடோவும் மல்யுத்தமும் பாடசாலை விளையாட்டுகளில் இருக்கின்றன. அவற்றில் பயின்ற பெண்கள் நாட்டில் இருக்கிறார்கள், இராணுவத்திலும் பொலிஸிலும்கூட. ஜூடோ தெரிந்த பெண் ஒருவருக்குக் குசுஷி என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. தரைப்பிடிப் பகுதியை மட்டும் தவணைக்கு ஒருமுறை வந்து சொல்லித்தரும்படி கேட்கலாம். இடையில் மாணவியர் தாமே பழகலாம், பொறுப்பாசிரியை முன்னிலையில், கழுத்துப்பிடி எதுவும் இல்லாமல். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை முடிந்தபின் நேரமில்லை, பஸ் போய்விடும். ஆகவே இது பாடவேளைக்குள் நடக்க வேண்டும். பாடசாலை விட்ட பிறகு வைத்தால் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் வரமாட்டார்கள்.

மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் ஆண்டு விழாவுக்கு வாங்கிய தடித்த விரிப்புகள் சுருட்டிக் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 14 இருக்கின்றன. கானோ தொடங்கியது 12 இல். ஜன்னல்களுக்குத் திரை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது. முதல் வகுப்பை உம்மாமாருக்கே வைப்போம் என்று அதிபருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருக்கிறோம். உயர்தர மாணவியர் 31 பேர் கையொப்பமிட்டிருக்கிறோம். என் உம்மா வருவதாகச் சொல்லிவிட்டார், உம்மும்மா கதிரையில் இருந்து பார்க்க மட்டும் வருவாராம். தோழியின் அம்மாவுக்கு அன்று அரைநாள் பேர் போட முடியுமா என்று கங்காணியிடம் கேட்க வேண்டும்.